சோதித்துப் பார்த்துக் கொடுத்த ஜீப்

ஒரு குழந்தையின் உயிரைவிட மேலானது இந்த உலகத்தில் எதுவும் இல்லை. பள்ளி ஆண்டு விழாவில் தலைமை தாங்கி நான் இதைச் சொன்னபோது ஜெனரேட்டர் நின்றுவிட்டது. முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. ஆனாலும் சொன்னேன் ஐயா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கை அமராவதியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் என்றால் மேளத்தோடு தெருவைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் கோயிலுக்குப் போக வேண்டும். நான் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துபவன். வெறும் பழத்தட்டும் பட்டுப்பாவாடையும் போனால் சிரிப்பார்கள். புதுச்சேரியில் ஒரு சாலையோரக் கடையில், குழந்தை உட்கார்ந்து ஓட்டுகிற பேட்டரி ஜீப் வாங்கினேன். டெம்போவிலிருந்து இறக்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. சென்னை ஷோரூம் வண்டி என்றேன்.

நான் எதையும் சோதிக்காமல் கொடுப்பவன் அல்ல. டப்பாவில் ஒரு கம்பெனிப் பெயர், வண்டியில் வேறு பெயர். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. சார்ஜரில் எத்தனை வோல்ட் என்றுகூட அச்சடிக்கவில்லை. சீட்டைக் கழற்றினால் ஒயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். என் உப்பளத்தில் வேலை செய்யும் பாவாடை என்பவனின் மகளை உட்காரவைத்து ஓட்டச் சொன்னேன். அவள் காலை எடுத்த பிறகும் ஜீப் நிற்காமல் போய் உப்புக் குவியலில் முட்டியது. நல்லவேளை, என் மருமகளை ஏற்றவில்லை.

பொறுப்புள்ள மாமன் செய்வதைச் செய்தேன். நிஜமாகவே சென்னைக்குப் போய், முத்திரை போட்ட ஜீப் வாங்கிவந்தேன்.

அமராவதி வாசலில் வைத்தே கேட்டாள். "என்னாண்ணே, ரெண்டு வண்டி நிக்குது?"

போலி என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணு பாப்பாவுக்கு. இன்னொண்ணு நம்ம பாவாடை பொண்ணுக்கு" என்றேன். தெருவே கைதட்டியது. போதும் என்று கையமர்த்தினேன்.

பாவாடையின் மனைவி சுலோசனா தயங்கினாள். "எங்க ஊட்ல அத்த நிறுத்தவே எடம் இல்லீங்க மொதலாளி. வேணாங்க."

போட்டோக்காரர் காத்துக்கொண்டிருந்ததால் வற்புறுத்த வேண்டியதாயிற்று.

காதுகுத்து முடிந்த வாரம் பாவாடை வந்தான். "சார்ஜர தொட முடியலீங்க, கொதிக்குது. பிளாஸ்டிக் நாத்தம் வேற."

"புது வண்டின்னா அப்படித்தாம்பா. போகப் போக சரியாப்பூடும்."

நான் குரலை உயர்த்தவில்லை. அவனே சாட்சி சொல்வான்.

அவர்கள் விடியுமுன் உப்பு வாரப் போய்விடுகிறவர்கள். அந்தப் பெண் வண்டியை விட்டு இறங்குவதே இல்லையாம். சார்ஜ் ஏறும்போதும் அதன்மேலேயே தூங்குவாளாம். வீடோ கீற்றுக்கூரை; சார்ஜரில் பிடித்த தீ நொடியில் ஏறிவிட்டது. பெற்றவர்கள் அவளைத் தனியே விட்டிருக்கக் கூடாது. இருந்தாலும் அதை நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் இன்று காலைவரை அவள் கண் திறக்கவில்லை என்கிறார்கள்.

தெரிந்தே கொடுத்தாயா என்று கேட்கிறீர்கள். தெரிந்தேதான் கொடுத்தேன். பாவாடை வந்து சொன்னபோது ஒயரைப் பிடுங்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பான். போலி என்று நான் சொல்ல வேண்டும். அது ஊருக்குத் தெரிந்துவிடும்.

அமராவதியின் கணவர் பிரபு நேற்று இந்தப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சொன்னார்: நான் அந்தச் சாலையோரக் கடையில் பேரம் பேசியதை எதிர்ப்பக்கம் டீ குடித்தபடி அவர் பார்த்திருக்கிறார். கைதட்டியவர்கள் அத்தனை பேருக்கும் அது முன்பே தெரியுமாம்.