சிவப்புச் சுழி

காய்ச்சல் விட்ட மகளை மடியில் வைத்துக்கொண்டு தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயிலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இரண்டு பெண்கள். இளையவர் சொன்னது என் காதில் விழுந்தது.

“அங்கீகாரக் கடிதத்துல சிவப்புப் பேனாவால சுழிச்சுட்டேன் அக்கா.”

“எது? நம்ம தமிழாசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு ரெண்டு வருஷம் அலைஞ்சு வாங்கினோமே, அதுலயா?”

“அதேதான். ‘பயிற்ச்சி’ன்னு அடிச்சிருந்தாங்க. கை தானா போயிடுச்சு. பக்கத்துல அரை மார்க் வேற குறைச்சுட்டேன்.”

“அடிப்பாவி! இந்த வருஷம் முடிக்கிறவங்களுக்கு என்னத்தக் காட்டி சர்டிபிகேட் குடுப்ப?”

“அதான் காலையில கடிதம் குடுத்த ஆபீசுக்கே எடுத்துட்டுப் போனேன். யாரும்மா இதுல கிறுக்கினதுன்னு கேட்டார் கையெழுத்துப் போட்ட சார். நான்தான் சார், ற் பக்கத்துல இன்னொரு ஒற்று வராதுன்னு சொல்லிட்டேன்.”

“வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?”

“முடியலையே அக்கா. அவர் புதுசா ஒண்ணு அடிக்கச் சொன்னார். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பேப்பரை என் பக்கம் திருப்பி, ‘டீச்சர், ஒருவாட்டி பார்த்துடுங்க’ன்னார்.”

ஃபைலைத் திறந்து கடிதத்தைக் காட்டினார். மூத்தவர் அதை எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தார்.

“இதுக்கு முழு மார்க் போட்டியா?”

“பேனாவை வீட்டுலயே வெச்சுட்டுத்தான் போனேன்.”

சிரித்துக்கொண்டே இருவரும் பொத்தேரியில் இறங்கினார்கள். நான் மகளின் பள்ளிக்கு எழுதி வைத்திருந்த விடுப்புக் கடிதத்தை எடுத்தேன். ‘காய்ச்சல்’ என்பதில் ய் பக்கத்தில் ச் வரலாமா? மறைமலை நகர் வரை யோசித்துவிட்டு, வரும் என்று முடிவு செய்தேன்.