எழுத்தர் பிழை அல்ல

மேடம்,

மனிதன் எழுதக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இன்றுவரை ஒரு பிழைகூட விடாத எழுத்தர் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் இப்போது உங்கள் அறைக்கு வெளியே, மூன்று நாற்காலிகளைச் சேர்த்துப் பற்றவைத்த இரும்பு வரிசையின் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஓர் அட்டையை வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

இதைத் தற்பெருமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அடையாளம் தெரியாதோர் பிரிவில் முப்பத்தொரு வருடம் பதிவேடு எழுதியிருக்கிறேன். அதில் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, வெள்ளை மை பூசிய இடம் ஒன்றுகூட இல்லை. அதற்காக எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். சான்றிதழில் என் பெயரைப் பிழையாக அச்சிட்டிருந்தார்கள். அது அவர்கள் பாடு.

ஆகவே இன்று காலை நீங்கள் உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்துக்காட்டி, "சாட்சின்னு கீழ ஒரு கையெழுத்து போடுங்க சார், அவ்வளவுதான், கிளம்பலாம்" என்று சொன்னபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. போட்டிருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் நாலாவது பத்தியில் இப்படி இருந்தது: காலமான டாக்டரின் நாட்குறிப்பில் நாற்பத்தேழாம் எண் எலும்புகளுக்குப் பதினாறு, பதினேழு வயது என்று இருக்கிறது, பதிவேட்டில் முப்பத்தைந்து முதல் நாற்பது வரை என்று இருக்கிறது, பெட்டியைத் திறந்து மரபணுப் பரிசோதனை செய்ததில் காணாமல் போன பையனின் தாயாரோடு பொருந்தவில்லை, எனவே இந்த வேறுபாடு எழுத்தர் பிழையாகக் கருதப்பட்டு வழக்கு முடிக்கப்படுகிறது.

பிழை என்றால் கை தவறியது என்று அர்த்தம். என் கை தவறவில்லை.

நான் அப்படிச் சொன்னதும் நீங்கள் எட்டுத் தாள் கொடுத்து, "அப்ப எழுதியே குடுங்க. நான் அந்தம்மாவுக்கு போன் பண்ணிட்டு வரேன்" என்று உள்ளே போனீர்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. "நீங்க அலைய வேணாம்மா, போன்லயே சொல்லிடறேன்... சரி... சரிம்மா, வாங்க" என்றது கேட்டது. அவர் வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு, கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றிலிருந்து எலும்புகளைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் கையுறையோடு நின்று சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். கடைசிக் கடைவாய்ப்பல் இன்னும் முளைக்கவில்லை. கை, கால் எலும்புகளின் முனைகள் சேரவில்லை. மேல்வரிசை முன்பல் ஒன்று முனையில் உடைந்தது. இடது மணிக்கட்டில் பழைய முறிவு, கூடியிருக்கிறது. மண்டையின் பின்புறம் விழுந்ததால் ஏற்பட்டது போன்ற விரிசல். "பாவம், பதினாறு பதினேழுதான்யா இருக்கும்" என்றார் டாக்டர்.

பதினெட்டுக்குக் கீழே என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இளையோர் படிவம். பதினோரு பக்கம், நாலு பிரதி, மூன்று அலுவலகங்களுக்குத் தகவல், அன்றைக்கே தலைமையகத்தில் நேரில் ஒப்படைக்க வேண்டும். எனக்கு ஐந்து பத்துக்கு பஸ். அக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. விசேஷம் ஒன்றும் இல்லை, சும்மாதான். ஆனால் ஜன்னலோர இருக்கை. அந்தத் தடத்தில் ஜன்னலோரம் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பதை விசாரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைவாய்ப்பல், எலும்பு முனை என்று வயதைக் காட்டும் வரிகள் இல்லாமல் வேறொரு தாளில் முப்பத்தைந்து முதல் நாற்பது வரை என்று அடித்தேன். யோசித்துத்தான் அடித்தேன். இருபது என்று போட்டால் ஒரு தாய் வருவாள். எழுபது என்று போட்டால் சொத்துக்காக மகன்கள் வருவார்கள். முப்பத்தைந்து முதல் நாற்பது வரை உள்ள ஆண்பிள்ளையை யாரும் தேடுவதில்லை. இது அனுபவத்தில் சொல்வது. அப்போது எனக்கு முப்பத்தாறு. டாக்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படித்துக் கையெழுத்துப் போடுகிற டாக்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சரிசெய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். திங்கட்கிழமை பார்த்தால், திருத்தத்துக்கென்று ஒரு பத்தி, அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம், அதற்குக் கீழே மேலதிகாரி கையெழுத்து. ஜன்னலோர இருக்கை என்று அந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது? சான்றிதழுக்கு வேறு அந்த மாதம்தான் பெயர் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மா வந்தார்.

மகன் காணாமல் போய் அப்போது ஒரு வருடம். காவல் நிலையத்தில் அவரைச் சமாளிக்க முடியாமல் எங்கள் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். என் மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்தார். வேறொருவர் உட்கார வந்ததும், "ஆள் வராங்க" என்றார். யாரும் வரவில்லை. நான் கேட்டதற்கு, "எங்க போனாலும் சின்னவனுக்கு இடம் பிடிச்சு வெப்பேன் தம்பி. அவனுக்கு நிக்கப் பிடிக்காது. கை தானா போயிடுது" என்றார்.

அன்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "உங்க பையன் வயசுல இங்க யாரும் இல்லம்மா" என்றேன். பதிவேட்டின்படி அது உண்மை. அவர் முகம் மலர்ந்தது. எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்லா இருப்பீங்க தம்பி" என்றார். இதை நீங்கள் கவனிக்க வேண்டும் மேடம். முப்பத்தொரு வருடத்தில் எங்கள் பிரிவிலிருந்து சந்தோஷமாக வெளியே போனவர் அவர் ஒருவர்தான்.

அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய். பதினொரு மணி. நான் ஒருமுறைகூட விடுப்பு எடுக்கவில்லை.

கேண்டீனில் அவருக்கு 'ஆள் வராங்க' என்றே பெயராகிவிட்டது. வைத்தது நான்தான். என் சாப்பாட்டுப் பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு, யாராவது உட்கார வந்தால் அவர் குரலிலேயே, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "ஆள் வராங்க" என்பேன். பக்கத்து மேஜைக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். ஒருநாள் தெரியாமல் மேலதிகாரியிடமே சொல்லிவிட்டேன். அவரும் சிரித்தார். "யோவ், உனக்கு யாருய்யா வரப்போறா?" என்றார். நல்ல நகைச்சுவை உணர்வு உள்ள மனிதர்.

அந்த அம்மா வந்தால் சும்மா இருக்கமாட்டார். ஒவ்வொரு தடவையும் மகனைப் பற்றி ஏதாவது ஒன்று புதிதாக ஞாபகம் வரும். "எழுதிக்கோங்க தம்பி, உதவும்" என்பார். உதவியது. இரண்டாம் மாதம், குழாயடியில் வழுக்கி முன்பல் முனை உடைந்ததைச் சொன்னார். அன்று பிற்பகல் நாற்பத்தேழாம் எண் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை அந்த ஒரு வரி இல்லாமல் புதிதாகத் தட்டச்சு செய்து வைத்தேன். மூன்றாம் வருடம், சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்ததைச் சொன்னார். "நாலு வாரம் மாவுக்கட்டோட அழிச்சாட்டியம், அதுல படம் வேற வரைஞ்சு வெச்சிருந்தான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மணிக்கட்டும் போயிற்று. எங்கள் இருவருக்கும் வேலை ஒன்றுதான். அவர் ஞாபகப்படுத்துவார், நான் எடுத்துவிடுவேன். எந்தப் பக்கத்திலும் அடித்தல் இல்லை. எழுத்துரு, மை, தாளின் பழுப்பு எல்லாம் சரியாக இருக்கும். பிழை என்று எழுதுவதற்கு முன்னால் அந்தப் பக்கங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்கலாம் நீங்கள்.

ஏழாம் வருடம் ஒரு நாள், "இத எப்படி மறந்தேன்! அவனோட ஒரு ஷூல வெள்ளை லேஸ், இன்னொண்ணுல நீலம். ஒண்ணு அறுந்து போச்சு, புதுசு வாங்குடான்னா கேக்கமாட்டான். ஸ்டைலாம்" என்றார். பெட்டியில் ஷூ இருந்தது. நீல லேஸைக் கழற்றினேன். ஆனால் எறியவில்லை. தடயப் பொருளை அழிப்பது குற்றம். மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தேன். கோப்பு கட்டும் நாடாவுக்குத் தட்டுப்பாடு வந்த வருடம், அந்த அம்மாவின் கோப்பை அதில்தான் கட்டினேன். இன்று காலை நீங்கள் அவிழ்த்து, விரலில் சுற்றிக்கொண்டே என்னோடு பேசினீர்களே, அதுதான். அவர் கண்களில் புரை விழுந்த பிறகுதான் கட்டினேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் கல்நெஞ்சக்காரன் அல்ல.

அவர் கணவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எட்டாம் வருடம் ஒருநாள் தனியாக வந்தார். பிளம்பர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அவளுக்குத் தெரியாம வந்தேன் சார்" என்றார். பையன் போன அன்று காலையில் ஏதோ மதிப்பெண் விஷயமாக அவனை அறைந்திருக்கிறார். "நீ அடிச்சதாலதான் ஓடிட்டான்னு எட்டு வருஷமா அவ எங்கூட பேசல. ஒரே வீடு, ஒரே சமையல், ஒரு வார்த்தை கிடையாது. அவன் ஓடித்தான் போனானா சார்? இல்ல, வேற ஏதாவது ஆயிடுச்சா? ஓடலன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

குவாரிக்கு அந்தப் பக்கம் பையன்கள் பந்து விளையாடுகிற மைதானம் என்பது எனக்குத் தெரியும். ஷூவோடு பெட்டியில் காற்றுப் போன பந்து ஒன்றும் இருந்தது. ஓடிப்போகிறவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடமாட்டான் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவர்கள் குடும்ப விஷயம். நான் தலையிடவில்லை. "உங்க பையன் வயசுல இங்க யாரும் இல்ல" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார். மூன்று வருடத்தில் இறந்துவிட்டார். கடைசிவரை வீட்டில் பேச்சு இல்லை என்று அந்த அம்மாவே சொன்னார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

இனி, பரிசோதனை ஏன் பொருந்தவில்லை என்பது.

பழைய வழக்குகளை எல்லாம் மரபணுப் பரிசோதனைக்கு எடுக்கப்போகிறார்கள் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் சுற்றறிக்கை வந்தது. நல்ல திட்டம். பதிவேட்டைத் திருத்துவது எனக்குப் பழக்கமில்லை. ஆகவே பெட்டியைத் திருத்தினேன். அறுபத்திரண்டாம் பெட்டியில் ஒரு ஆண், உண்மையிலேயே முப்பத்தெட்டு வயது இருக்கும், யாரும் தேடவில்லை. இரண்டு பெட்டிகளின் எண்ணட்டையையும் மாற்றி ஒட்டினேன். பதினேழு வருடமாக உறுத்திக்கொண்டிருந்த அந்தப் பதிவு அன்றைக்குச் சரியாகிவிட்டது. நாற்பத்தேழாம் எண், வயது முப்பத்தைந்து முதல் நாற்பது வரை. நீங்கள் பரிசோதித்தபோதும் அப்படித்தானே இருந்தது? இதில் பிழை எங்கே?

பையன் அறுபத்திரண்டில் இருக்கிறான். கிடங்கில் உள்ளே போனதும் இடது பக்கம், மூன்றாவது அடுக்கு, சுவரை ஒட்டி. ஆளை அனுப்புவதென்றால் சீக்கிரம் அனுப்புங்கள். யாரும் கேட்டு வராத பெட்டிகளைப் பொதுக் குழியில் புதைக்கப்போகும் பட்டியலில் அந்த எண் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை. பட்டியலைத் தயாரித்ததும் நான்தான்.

ஏன் செய்தேன் என்று ஒரு வரியில் கேட்பீர்கள். முதல் நாள் பஸ்ஸுக்காக. அதன்பிறகு அவருக்காக. மற்றவர்களுக்கு நாங்கள் எலும்பைக் கட்டிக் கொடுத்து அனுப்பினோம். அவருக்கு மட்டும் மாதாமாதம் ஒரு மகனைக் கொடுத்து அனுப்பினேன். இருபத்தெட்டு, முப்பது, முப்பத்தைந்து என்று அவன் வயது ஏறிக்கொண்டே வந்ததை நாங்கள் இருவரும் சேர்ந்து கணக்குப் பார்த்திருக்கிறோம். போன மாதம்கூட, "நான் மொத மொத இங்க வந்தப்ப உங்களுக்கு இருந்த வயசு இப்ப அவனுக்கு இருக்கும் இல்ல தம்பி" என்றார். ஆமாம் என்றேன். முப்பத்தாறு. ஒரு விதத்தில் பதிவேட்டில் உள்ள வயதுக்கு அவன் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறான்.

உடனே அவருக்குப் புரியாது. முதலில் அழுவார். நீங்கள் தண்ணீர் கொடுப்பீர்கள், அவர் குடிக்கமாட்டார். அவருக்கு ஆறிய டீதான் பிடிக்கும், சர்க்கரை கம்மியாக. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். உங்களிடம் எல்லாம் கேட்டு முடித்ததும் வெளியே வந்து என் பக்கத்தில்தான் உட்காருவார். பத்தொன்பது வருடப் பழக்கம். வேறு யாரிடம் போய்ச் சொல்வார்?

எட்டாவது தாளுக்கு வந்துவிட்டேன். வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்ற சத்தம் கேட்டது. அவராக இருக்காது, இருக்கலாம். பின்புறக் கதவு வழியாக அவரை உங்கள் அறைக்கு அழைத்துப் போய்விடாதீர்கள். இப்படியே வரச்சொல்லுங்கள்.

இந்த வராந்தாவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இரும்பு வரிசையில் கடைசி நாற்காலியில் ஒருவர் தூங்கிவிட்டார். நடு நாற்காலி மட்டும்தான் காலி. சற்று முன் ஒரு காவலர் தொப்பியைக் கழற்றியபடி வந்து, "பைய கொஞ்சம் எடுங்க சார், உக்காரணும்" என்றார்.

என் சாப்பாட்டுப் பை அந்த நாற்காலியில் இருந்தது. அதை எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை.

"ஆள் வராங்க" என்றேன்.