ஐந்து ஃபிரேம் தாமதம்

பாப்கார்ன் மெல்லும் சத்தம் எனக்கு ஒருநாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை. குழந்தை அழுதால்கூடப் பொறுத்துக்கொள்வேன், பாவம், அதற்குப் பசி. இருபத்திரண்டு வருடமாக இந்தத் தியேட்டரில் படம் ஓட்டுகிறேன். என்னைப் பற்றி ஒரு புகார் வந்ததுண்டா, மேனேஜர் சார், நீங்களே சொல்லுங்கள். நடந்ததை மறைக்காமல் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

எனக்கு இடைஞ்சலாக இருந்தது சிரிப்புதான். இந்தக் குடும்பப் படம் வந்த முதல் நாளே கவனித்தேன். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வசனம் ஓடிவிடுகிறது. ஒரு ஷோவுக்குப் பதினான்கு வசனம் இப்படி வீணாகப் போகிறது. யாரோ மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய வசனம். டிக்கெட் வாங்கியவருக்கு ஒரு சொல்கூடத் தவறாமல் கேட்க வேண்டும் என்று நினைப்பவன் நான். சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். அவர்களும் கூட்டிச் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் நான்காம் நாள் சிரிப்பை எடுத்துவிட்டேன்.

அது பெரிய வேலையில்லை. படத்துக்கும் ஒலிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதற்கு ஒலிப்பெட்டியில் ஓர் எண் இருக்கிறது. அதை ஐந்து ஃபிரேம் தள்ளிவைத்தேன். விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். என்ன குறை என்று யாருக்கும் பிடிபடாது, ஆனால் சிரிப்புக்கு அதுதான் எமன். மாமனார் வழுக்கி விழுந்து முடித்த பிறகு ‘தொப்’ என்று கேட்கும். மருமகள் முகம் சுளித்த பிறகு, அவளைச் சுளிக்கவைத்த வசனம் வரும். அன்று மாலைக் காட்சியில் நானூறு பேர் பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பதினான்கு வசனமும் கணீரென்று கேட்டன. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

ஒலியில்தான் கோளாறு என்று ஸ்பீக்கர் மெக்கானிக்கை நீங்கள் மூன்று முறை வரவழைத்தீர்கள். அவன் வரும்போதெல்லாம் எண்ணைப் பழையபடி வைத்துவிட்டு, ஏணியடியில் நின்று அவனுக்கு டார்ச் பிடித்தேன். மூன்றாம் முறை அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எல்லாம் சரியாத்தாண்ணே இருக்கு. எனக்குத்தான் தொழில் மறந்துபோச்சு போல,” என்றான். தேற்றி டீ வாங்கிக் கொடுத்தேன்.

என் மனைவியின் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, தன் காதில்தான் கோளாறு என்று காது டாக்டரிடம் போனார். வண்டியில் கூட்டிப்போனதும் நான்தான். “சிரிப்பே வரல மாப்ள, எனக்கு என்னமோ ஆயிருச்சு,” என்று வழியெல்லாம் புலம்பினார். “வயசாகுதில்ல மச்சான்,” என்றேன். இன்னும் காதுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறார்.

என் மனைவியை இதில் இழுக்க வேண்டாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் முழுவதையும் எழுதச் சொன்னீர்கள்.

முதல் மூன்று நாளும் அவள் மதியக் காட்சிக்கு வந்திருந்தாள். ஆபரேட்டர் அறைக் கண்ணாடி வழியே பார்த்தேன். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

படத்தில் வரும் கணவன் ஒரு விசித்திரப் பிறவி. வீட்டுக்கு வந்தவர்களை எழுப்பி நாற்காலி மாற்றி உட்காரவைப்பான். அந்த இடத்தில் இருந்து பார்த்தால்தான் டிவி நன்றாகத் தெரியுமாம். மனைவி ஆசையாக ஏதாவது சொல்லும்போது கையைக் காட்டி நிறுத்தி, “முதல்லேருந்து சொல்லு, கொஞ்சம் சத்தமா,” என்பான். இப்படியும் ஓர் ஆள் இருப்பானா என்றிருந்தது. எங்கள் வீட்டில் நாற்காலிகள் நிற்க வேண்டிய இடத்தில் நான் சாக்பீஸால் குறி போட்டிருப்பது உண்மைதான். ஆனால் அது வேறு விஷயம்.

அவன் வந்தாலே அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அந்த ஆளுகிட்ட அப்படி என்ன இருக்கு?” என்று நான்காம் நாள் காலையில் வீட்டில் கேட்டேன்.

“ஒண்ணுமில்லீங்க. சும்மா சிரிப்பு வந்துச்சு,” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு வயிறு எரிந்தது சார். அன்று மாலையே எண்ணைத் தள்ளிவைத்தேன். அந்தப் பதினான்கு வசனக் கணக்கு அதற்குப் பிறகு போட்டதுதான். மறுநாளும் அவள் வந்தாள். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. இடைவேளையில் முகம் வாடி எழுந்து போனாள். நான் அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். நான் செய்தது இதுதான்.

நீங்கள் அந்த எண்ணைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு, நேற்று என்னை மனைவியோடு கீழே உட்கார்ந்து படம் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். விருந்தாளிகளை அவன் எழுப்பி நாற்காலியை நகர்த்தும் காட்சி வந்தது. அரங்கமே திரையைப் பார்த்துச் சிரித்தது. அவள் மட்டும் என் பக்கம் திரும்பி, என் கையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பக்கத்தில் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா சார். ஆனால் ஒருத்தி திரையைப் பார்க்காமல் சிரிக்கிறாள் என்றால், படத்தில்தான் ஏதோ கோளாறு. கையை விடுவித்துக்கொண்டு, ஃபோகஸைச் சரிசெய்ய மேலே ஓடினேன்.