பதினேழு, இடமிருந்து வலம்

நான் ஆங்கிலக் குறுக்கெழுத்தைப் பேனாவில்தான் நிரப்புவேன். மெர்வ் ஹானஃபோர்டு பென்சிலில் நிரப்புவான். பதினோரு வருடமாக, செவ்வாய்க்கிழமைதோறும், எங்கள் ஊரான மூன்டாவில் அவன் வீட்டுப் பின்முற்றத்தில் உட்கார்ந்து ஒரே செய்தித்தாளைப் பங்கு போட்டுக்கொண்டோம். இதில் விரோதத்துக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பது நியாயம்தான், சார்ஜென்ட்.

நான் முப்பத்தாறு வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவன். அதற்கு முன் இரண்டு முறை சட்டக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதித் தோற்றேன். அது மெர்வுக்கு மட்டும்தான் தெரியும். அவன் குழாய் பழுது பார்க்கிறவன்.

அன்றைக்குப் பதினேழாவது குறிப்பு: 'சட்டப்படி சரியானது, ஐந்து எழுத்து.' முதல் எழுத்து 'எல்' என்று ஏற்கெனவே விழுந்திருந்தது. யோசிக்காமல் 'லீகல்' என்று எழுதினேன்.

மெர்வ் சிரித்தான். "லீகல் இல்லடா கொலின், லிசிட். மேலருந்து வர்ற வார்த்தையப் பாரு, ரெண்டாவது எழுத்து 'ஐ'."

"ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தானே?"

"அதெப்படி? சட்டத்துல எழுதியிருந்தா லீகல். செஞ்சா யாரும் தடுக்க முடியாதுன்னா லிசிட். இத்தனை வருஷம் கோர்ட்டுல என்னதான் பண்ணே, தூங்குனியா?" சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். "ஷெர்லி, இங்க வந்து பாரேன். ரெண்டு தடவ ஃபெயிலான நம்ம ஜட்ஜய்யாவுக்கு இன்னும் சட்டம் வரல."

அவன் மனைவி ஜன்னல் வழியாகச் சிரித்தாள். பிறகு மதியத்துக்கு இறைச்சி பாஸ்டி வாங்கிவரக் காரில் கிளம்பிப் போனாள்.

அவள் போன பிறகுதான் தேனீ வந்தது. மெர்வின் கழுத்தில் கொட்டியது. தேனீ கொட்டினால் அவன் பிழைக்க மாட்டான் என்பதும், அதற்கான மருந்து ஊசியை எப்போதும் கோட்டுப் பையில் வைத்திருப்பான் என்பதும் ஊருக்கே தெரியும். கோட்டு என் நாற்காலியின் முதுகில் தொங்கியது.

"கொலின், ஊசி... அந்தக் கோட்டு..."

நான் அசையவில்லை. சாகிறவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் உதவியே ஆக வேண்டும் என்று இந்த மாநிலத்தில் சட்டம் இல்லை. முப்பத்தாறு வருடத்தில் நான் கற்றது அது. யோசித்துப் பார்த்தால் மெர்வ் சொன்ன அர்த்தம்தான் சரி. 'லீகல்' என்பதை அடித்துவிட்டு 'லிசிட்' என்று மாற்றினேன். பேனா என்பதால் கட்டம் கொஞ்சம் அசிங்கமாகிவிட்டது.

அவன் செங்கல் தரையில் தவழ்ந்து வந்தான். உதடு வீங்கி, பேச்சு நின்றுவிட்டிருந்தது. மூச்சு அடங்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் இன்னும் நான்கு குறிப்புகளை முடித்தேன்.

தேனீயை நான் அனுப்பவில்லை. அவன்மேல் என் விரல்கூடப் படவில்லை. சும்மா இருந்தேன், அவ்வளவுதான். ஷெர்லி வந்ததும் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கோட்டைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆமாம், அவன் கை அதன் ஓரத்தைப் பிடித்துவிட்டது. நான் அதை விடுவித்து, மடித்து, எனக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல கோட்டு, தரையில் இழுபட்டு அழுக்காகக் கூடாது என்றுதான்.