பிரகாசி ஊதின மணல்

கப்பலெல்லாம் பாயை நம்பி ஓடின காலம். அப்போ நம்ம சிலுவைத்துறையில கயித்தான்னு ஒரு சங்குகுளிக்காரன் இருந்தானாம். பொஞ்சாதி பேரு பிரகாசி. அவ ஆத்தா ஊருக்கெல்லாம் பிரசவம் பாக்குறவ.

கடலுக்கடியில ரெண்டு கையும் வேணும்லா? அதனால எடுத்த சங்கை இடுப்பு மடியில சொருகிக்கிடுவாக. அன்னைக்குக் கயித்தான் கண்ணுல பட்டது, வலை பின்னின மாதிரி கோடு போட்ட சின்னச் சங்கு. அழகுன்னா அப்படியொரு அழகாம். பொஞ்சாதிக்கு ஆகும்னு அதையும் சொருகிட்டான். உள்ள இருக்கது விஷ முள்ளால மீனைக் குத்திச் சாய்ச்சு முழுங்குற சாதின்னு அவன் கண்டானா? இடுப்புல சுருக்குன்னுச்சு. சொறிமீனு பட்டிருக்கும்னு விட்டுட்டான்.

வள்ளம் கரைக்கு வருமுன்ன நாக்கு குழறிச்சாம். காலு விழுந்திச்சாம், கையி விழுந்திச்சாம். கரையில தூக்கிப் போடுறாக, மூச்சும் நின்னுபோச்சாம். மடியில இருந்து அந்தச் சங்கு உருண்டு விழுந்து, மூக்க நீட்டி நீட்டிப் பாத்திச்சாம்.

அண்ணங்காரன் வஸ்தியான் தம்பி மூக்குல வெரல வச்சுப் பாத்தான். "முடிஞ்சு போச்சு. வெயில்ல போட்டு வைக்காதிய. குழி வெட்டுங்கடே!"

பிரகாசி புருசன் நெஞ்சுல காதை வச்சா. உள்ள துடிக்குது. வஸ்தியானப் பாத்துக் கத்தினா:

"அத்தான், உசுரு இருக்கு!"

"மூச்சில்லாம என்னளா உசுரு?"

மூச்சில்லாம பொறக்குற பிள்ளைக்கு அவ ஆத்தா என்ன செய்வா? வாயில வாய வச்சு ஊதுவா. பிரகாசியும் ஊதினா. ஊரு பாக்க, பங்குச் சாமியார் பாக்க, வெக்கத்தத் தூக்கிப் போட்டுட்டு ஊதினா. ஊதினா நெஞ்சு ஏறுது. நிறுத்தினா நிக்கிது. பொறவு எப்படி நிறுத்துவா? "பொணத்தோட கெடக்காளே, பேய் புடிச்சிட்டு!"ன்னு பொம்பளைக கையப் புடிச்சு இழுத்தாக. கடிச்சு வச்சா. ஊதினா. உதடு வெடிச்சு ரத்தம் வந்திச்சு. ஊதினா. வெயிலும் மேக்க சாஞ்சிட்டு. வஸ்தியான் பொறுமையத்துப் போயி, கொண்டையப் புடிச்சு அவள இழுத்து அங்கிட்டுப் போட்டான்.

எல்லாரும் பாக்காக. நெஞ்சு அசையல. அசையவே இல்ல. பிரகாசி போட்ட கூப்பாடு அடுத்த ஊருக்குக் கேட்டுச்சாம். அப்போ, ஊதாமலே, ஒருக்கா ஏறிச்சாம்.

விளக்கு வைக்கிற நேரம் நாக்கு திரும்பிச்சு. தண்ணி கேட்டான்னா நெனைக்கிய? அண்ணனப் பாத்து, "அண்ணே, குழிய எம்புட்டு ஆழம் வெட்டுனிய?"ன்னு கேட்டானாம். அம்புட்டும் காதுல விழுந்திருக்கு. வஸ்தியான் மணல்ல உக்காந்து அழுதானாம்.

அந்த எடத்துக்குத்தான் ஊதுமணல்னு பேரு. இன்னைக்கும் நம்ம கரையில ஒருத்தனத் தூக்கிட்டு வந்து கெடத்தினா, மொதல்ல பொஞ்சாதியோ ஆத்தாளோ வாயில ஊதணும். குழிப்பேச்சு எடுக்குறவன் தள்ளிப் போயித்தான் எடுக்கணும். கெடக்குறவன் கேட்டுக்கிட்டு இருப்பான்லா.