கொதிக்காத தண்ணீர்

எழிலரசி சுடும் தோசை ஓரத்தில் மட்டும் முறுகலாக இருக்கும். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது எளிதில் புரியும்.

நான் தமிழ்மணி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் கார் ஒயரிங் செய்கிறவன். எழிலரசி என் தங்கை, இயற்பியலில் எம்.எஸ்சி. அம்மா, அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி வேலைக்கு அவள் ஆசைப்பட்டாள். கிடைத்தால் அங்கேயே தங்குவாளாம். நான் தடுக்கவில்லை. இன்டர்வியூவுக்கு நானே காரில் கூட்டிப் போகிறேன் என்றேன். அப்படிச் சொல்லும் அண்ணன்கள் எத்தனை பேர்?

அப்பாவின் பழைய காரில், எஞ்சினை இயக்கும் கம்பெனி கம்ப்யூட்டர் எரிந்துபோயிருந்தது. வெளியில் ஒன்று வாங்கி மாட்டினேன். எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சார் மட்டும் பழையது. அது சொல்வது புதுக் கம்ப்யூட்டருக்குப் புரியாது, நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். சென்சாரை ஐஸ் தண்ணீரிலும், குழாய்த் தண்ணீரிலும், கொதிக்கிற தண்ணீரிலும் முக்கி, மீட்டர் காட்டும் எண்களை லேப்டாப்பில் பதிய வேண்டும். எங்கள் அடுப்பில், பால் பாத்திரத்தில் செய்தேன். மூன்றாவதில் கொஞ்சம் அவசரப்பட்டேன்.

"தண்ணி இன்னும் கொதிக்கலியேண்ணா" என்றாள் எழிலரசி.

"இது போதும்மா."

அந்த எண்ணையே கொதிநீர் என்று பதிந்தேன். அவசரம் என்றது பொய். இனி எஞ்சின் வழக்கமான சூட்டுக்கு வந்தாலே, கொதித்துவிட்டது என்று நம்பிக் கம்ப்யூட்டர் அதை அணைத்துவிடும். எஞ்சினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. நான் பொறுப்பான வேலைக்காரன்.

முதல் இன்டர்வியூ அன்று, சிதம்பரம் போகும் வழியில் செம்மங்குப்பத்தில் கார் நின்றது. பானெட்டைத் திறந்து, தட்டி, ஊதி, அரை மணி நேரம் வருத்தப்பட்டேன். அவள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கல்லூரியில் இன்னொரு தேதி கொடுத்தார்கள். சரிசெய்துவிட்டேன் என்று சொல்லி இரண்டாம் முறையும் கூட்டிப் போனேன். அதே இடம். டீக்கடைக்காரர் கேட்காமலே இரண்டு டீ போட்டார். அன்று அவள் அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாயங்காலம் தோசை சுட்டாள்.

மூன்றாவது இன்டர்வியூவை என்னிடம் சொல்லாமல் போனிலேயே முடித்துவிட்டாள். வேலைக்கான ஆர்டர் வந்தது. இன்று காலை பால் பாத்திரத்தைக் காணோம். போய்ப் பார்த்தால் காருக்குப் பக்கத்தில் கிடக்கிறது, அருகில் என் மீட்டரும் லேப்டாப்பும். எழிலரசி பெட்டியை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவ தண்ணிய நல்லா கொதிக்கவுட்டேண்ணா" என்றாள். கோபமே இல்லை. ரெண்டு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் பைக்கில் முந்திக்கொண்டு செம்மங்குப்பம் வந்துவிட்டேன். ஒன்பதரைக்கு அவள் இந்த டீக்கடையைத் தாண்டினாள். ஒரு ஹாரன் அடித்தாள், அவ்வளவுதான். கடைக்காரர் போட்ட இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

ஆமாம், இரண்டு முறையும் வண்டியை நிறுத்தியது நான்தான். அவளுடைய நல்லதுக்குத்தான். பழக்கமில்லாத கை செய்த வேலை, அடுத்து வரும் புதுச்சத்திரம் தாண்டாது. வழியில் நின்றுவிட்டால் பாவம், என்னை விட்டால் யாரைக் கூப்பிடுவாள்? அதனால்தான் மணி நாலாகியும் டூல்ஸ் பையோடு இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.