அப்பாவுக்குப் பின்னால் ஒரு பிரபு

சென்ட் லோரன்ட்டிலிருந்து புவாண்ட்-கிளேர் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் நடுவயதில் ஓர் அண்ணனும் தங்கையும். தங்கையின் மடியில் துவாயால் சுற்றிய, கண்ணாடி உடைந்த படம்.

“இவ்வளவு காலமும் இந்தாளுக்கும் சேர்த்துத்தான் விளக்குக் கொளுத்தியிருக்கிறம், அண்ணை.”

நான் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

“அப்பா செத்த அந்தரத்தில கராஜ் சேலில நான் பழசா வாங்கின பிரேம், அண்ணை. உள்ளுக்கிருந்ததைக் கழட்டாமல் அதுக்கு மேலயே அப்பாவின்ர படத்தை வைச்சிட்டன்.”

அவள் துவாயை விலக்கினாள். அப்பாவின் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பழுத்த தாளை இழுத்தெடுத்தாள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படம். சுருள் பொய்முடி, மார்புக் கவசம், கீழே நீளமான பட்டங்கள்.

“ஒல்லாந்தர் காலத்தில எங்களை ஆண்ட பிரபுவாம். என்ர மகள் நெட்டில பார்த்துச் சொன்னவள்.”

“பழஞ்சாமான் கடைக்காரன் கொண்டுவரச் சொன்னவன். இந்த ஸ்டொப்தான். அங்க இதை வித்திட்டுப் பேந்து கண்ணாடி போடப் போவம்,” என்றார் அண்ணன்.

பஸ் நின்றது. அண்ணன் எழுந்தார். தங்கை அசையவில்லை.

“நான் இறங்கேல்லை. கண்ணாடிக் கடைக்கு மட்டும்தான் போறன்.”

கதவு மூடியது. அவர் மறுபடி உட்கார்ந்தார்.

“அப்ப இந்தாளை என்ன செய்யிறது?”

அவள் தாளை எடுத்த இடத்திலேயே செருகினாள்.

“இவையின்ர கோட்டைக்குக் கல்லுச் சுமந்துகொண்டு எங்கட சனம் இவைக்குப் பின்னால அவ்வளவு காலம் நிண்டது காணும். இனி இவர் அப்பாவுக்குப் பின்னால நிக்கட்டும்.”